கண்ணாடியில் எண்ணெய்ச் சிலுவை

1

இந்தக் கதை ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயில் பிறந்தது. ஒலிவ எண்ணெய் என்று எழுதினால் பக்தி மணம் கூடும். முதல் படியில் அப்படித்தான் எழுதினேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் ஒலிவ எண்ணெய் தீர்ந்துபோயிருந்தது. பாஸ்டர் மணிவேல் தன் வீட்டுச் சமையலறைக்குப் போய்த் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துவந்து, அதற்கு ஒரு ஜெபம் பண்ணிக் காரியத்தை முடித்தார். ஆண்டவர் எண்ணெயின் பிராண்டைப் பார்ப்பதில்லை என்றார். அதில் எனக்கு மறுப்பில்லை. ஓசூர்க் குளிர் பார்க்கும் என்பதுதான் பிறகு தெரிந்தது.

காரியம் பெரிதல்ல. ஒருவர் கார் வாங்கினார். புது வண்டி வாங்கினால் மற்றவர்கள் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறார்கள். சபைக்காரர்கள் வண்டியைச் சபை வாசலில் நிறுத்திப் பிரதிஷ்டை ஜெபம் பண்ணுகிறார்கள். பாஸ்டர் பானெட்டின்மேல் கைவைத்து ஜெபித்துவிட்டு, முன்கண்ணாடியில் ஓட்டுகிறவர் பக்கமாக எண்ணெயால் ஒரு சிலுவை வரைந்தார். வண்டிக்காரர் அதைத் துடைக்கவில்லை. பாஸ்டர் வரைந்ததைத் துடைக்க அவருக்கு மனம் வரவில்லை.

அவருக்கு ஒரு பெயர் வேண்டும். சாமுவேல் என்று வைத்தால் இரண்டாம் பத்தியிலேயே வாசகர் பிரசங்கத்துக்குத் தயாராகி, செருப்பைக் கழற்றிவிடுவார். ராஜ்குமார் என்று வைக்கிறேன்.*

* என் மனைவி சத்யப்ரியா இதை நான் எழுத எழுதப் பென்சிலோடு படித்துவருகிறாள். அவளுக்குச் சொந்த ஊர் தெற்கே சாயர்புரம். பதினெட்டு வருடம் ஓசூரில் குடியிருந்தும் பேச்சு மாறவில்லை, பென்சிலும் அப்படியே பேசும். இந்த இடத்தில் ஓரத்தில் எழுதியிருப்பது: "எந்தம்பி பேருதான் கெடச்சுதாக்கும்?"

2

தொடக்கம் ஒன்று: "மார்கழிப் பனி மூடிய ஓசூர் நகரம் மெல்லக் கண்விழித்த வேளையில்" (விட்டுவிட்டேன். மூன்று ஷிப்டு ஓடுகிற ஊர் இது. இது கண்விழித்ததை யாரும் பார்த்ததில்லை.)

தொடக்கம் இரண்டு: "நம் வாழ்க்கையும் ஒரு காரைப் போன்றதே." (இது ராஜ்குமார் எழுதுகிற வரி. முப்பத்தோரு முறை எழுதியும் விட்டார். அதைப் பிறகு சொல்கிறேன்.)

தொடக்கம் மூன்று: "ராஜ்குமாரின் காரில் இடது பக்க முன்சீட்டு ஆறு வாரமாகக் காலியாக இருக்கிறது."

இது உண்மை. அந்தச் சீட்டில் மறுபடி ஆள் உட்காருமா என்பதுதான் இந்தக் கதை. வேறு பெரிய விஷயம் எதுவும் வரப்போவதில்லை என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

3

ராஜ்குமார் சிப்காட்டில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கிறவர். ஹெட்லைட்டின் மேல்மூடியில் தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் கண்டுபிடித்துச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார். அடுத்தவர் செய்த பொருளில் குறை பார்ப்பதற்கே சம்பளம் வாங்குகிறவர்.

சபையின் மாதப் பத்திரிகையில் அவருக்கு ஒரு பக்கம் உண்டு. 'சாலையோர தியானம்' என்று பெயர். காரில் நடந்த ஒன்றைச் சொல்லி ஆண்டவரிடம் கொண்டுபோய் முடிக்கவேண்டும். பஞ்சர் ஆனால் பாவத்தைப் பற்றி எழுதுவார். பக்கக் கண்ணாடியில், திரும்பிப் பார்த்து உப்புத்தூணான லோத்தின் மனைவியைப் பார்ப்பார். கிருஷ்ணகிரி டோல்கேட்டில் ஃபாஸ்டேக் வேலை செய்யாமல் பின்னால் இருபது லாரிகள் ஹாரன் அடித்தபோதுகூட அவர் கலங்கவில்லை. வேதத்தில் விளக்குக்கு எண்ணெய் ஆயத்தமில்லாமல் வாசலில் நின்ற கன்னிகைகளைப் பற்றி ஒரு பக்கம் தேறிவிட்டதே என்று சந்தோஷப்பட்டார். பழைய கார் ஒவ்வொரு மாதமும் ஏதாவது ஒன்றில் மக்கர் பண்ணி அவருக்குக் கைகொடுத்தது. புதுக் கார் வாங்கியபோது, இனி எதை எழுதுவது என்ற கவலை அவருக்கு உள்ளுக்குள் இருந்தது. வெளியில் சொல்லவில்லை.

இந்தத் தியானங்களின் முதல் வாசகர் சபையில் இல்லை. இடது பக்க முன்சீட்டில் இருந்தார். பெயர் மதுரைவீரன். அதே கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். தொரப்பள்ளிப் பக்கம் ஒரு சிற்றூர். காலையில் மொபெட்டில் வந்து, ஊர்ப் பாதை மெயின்ரோட்டைத் தொடுகிற இடத்தில் புளியமரத்தடியில் அதை நிறுத்திவிட்டுக் காரில் ஏறிக்கொள்வார். அங்கே நிறுத்தச் சொன்னதே ராஜ்குமார்தான். வாசகர் இதை மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும், ராஜ்குமார் பின்னால் மறந்துவிடுவார்.

மதுரைவீரனுக்குச் சபையும் இல்லை, மதம் மாறும் யோசனையும் இல்லை. அவர் பெயரில் இருக்கிற சாமிக்கு வருடம் தவறாமல் கிடா வெட்டுகிறவர். ஆனால் பத்திரிகை வந்ததும் சீட்டில் சாய்ந்துகொண்டு சத்தம் போட்டுப் படிப்பார். அதிலும் ஒரு முறை வைத்திருந்தார்.

"மொதல்ல கடைசி வரியப் படிச்சிருவன் சார். சாமி வந்துட்டாரான்னு பாத்துக்கணும். வந்துட்டாருன்னா அப்பறம் மேல இருந்து நிம்மதியா படிக்கலாம்."

"அவர் எல்லா மாசமும் வருவாருய்யா."

"அதான் சார் பாக்கறன். பஞ்சர் ஆனாலும் வராரு, பெட்ரோல் தீந்தாலும் வராரு. வைப்பருக்கு மட்டும் வரலயே. வைப்பரு எப்ப சார் எழுதுவீங்க?"

"எழுதுவோம், எழுதுவோம்."

மதுரைவீரன் ராஜ்குமாரைவிட மூன்று வயது மூத்தவர். ஆனாலும் அவர் 'சார்' என்பார், இவர் 'நீ' என்பார். கம்பெனியில் அப்படித்தான் பழக்கம்.*

* பென்சில்: "கம்பெனி மேல ஏன் போடுதீங்க?"

4

பிரதிஷ்டைக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை ஏழேகால் மணி.

தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும். ஓசூரில் மார்கழி மாதம் பாட்டிலைக் குழம்புச் சட்டி ஓரத்தில் வைத்துத்தான் எண்ணெய் எடுக்கவேண்டும். அன்று காலை ராஜ்குமார் காரிடம் போனபோது, கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த சிலுவை வெள்ளை வெளேரென்று எழுந்து நின்றது. அவருக்கு மெய்சிலிர்த்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "எண்ண ஒறஞ்சிருக்கு. தொடச்சிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவர் துடைக்கவில்லை. முப்பத்திரண்டாவது தியானம் கண்ணாடியிலேயே ரெடியாக இருந்தது, அதைத் துடைப்பாரா?

ரிங்ரோட்டைத் தாண்டியதும் சாரல் பிடித்தது. வைப்பரைப் போட்டார். வைப்பர் இரண்டே இழுப்பில் சிலுவையைக் கண்ணாடி முழுக்கப் பூசிவிட்டது. சாரல் நின்றது. மேகம் விலகியது. புளியமரத்தடிக்கு வண்டியைத் திருப்புகிற இடத்தில் கிழக்கு நேர் எதிரே. வெயில் அந்த வெள்ளைப் பூச்சில் விழுந்தவுடன் அவருக்கு மரமும் தெரியவில்லை, ரோடும் தெரியவில்லை. ஆண்டவரே என்று பிரேக்கை மிதித்தார். அதற்குள் மொபெட் சாய்ந்துவிட்டது.

மதுரைவீரன் எதிர்ப்பக்க டீக்கடையில் கிளாஸோடு நின்றிருந்தார். கார் இரண்டு நிமிடம் கழித்து வந்திருந்தால், அவர் டீயை முடித்துவிட்டு மொபெட்டின் மேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்திருப்பார். மொபெட்டின் ஹெட்லைட் உடைந்திருந்தது, மட்கார்டு நசுங்கியிருந்தது. சாப்பாட்டுப் பை கிழிந்து குழம்பு ரோட்டில் ஓடியது.

அவர் ஓடிவந்தார். முதலில் மொபெட்டைப் பார்க்கவில்லை.

"ஒன்னும் ஆவல இல்ல சார் உங்களுக்கு? இருங்க, அப்டியே இருங்க. வண்டி கெடக்குது, பாத்துக்கலாம்." பிறகு முன்கண்ணாடியைப் பார்த்தார். "அய்ய, என்னா சார் இது, பாலு கொட்டுன மாதிரி. இத வச்சிக்கினு எப்பிடி ஓட்டிக்கினு வந்தீங்க?" தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சுருட்டிக்கொண்டு கண்ணாடிமேல் சாய்ந்தார்.

அப்போது ராஜ்குமார் ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டி, "ஏய், நீ

(இந்த வாக்கியம் ஏழு படிகளிலும் இதே இடத்தில்தான் நிற்கிறது. இப்போதைக்கு விடுங்கள், மேலே போவோம்.)

மதுரைவீரன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். மொபெட்டைத் தூக்கி மரத்தில் சாய்த்தார். காரில் ஏறினார். கம்பெனி வரை அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார், வண்டி போன வருத்தம் என்று ராஜ்குமார் நினைத்துக்கொண்டார். மறுநாள் புளியமரத்தடியில் யாரும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள், புது ஹெட்லைட் போட்ட மொபெட் கம்பெனி ஸ்டாண்டில் நின்றது. "நானே மாத்திக்கினன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு மதுரைவீரன் ஃபோர்க்லிஃப்டில் ஏறிப் போய்விட்டார்.

5

ஜனவரி இதழில் முப்பத்திரண்டாவது தியானம் வந்தது. அதிலிருந்து ஒரு பகுதி:

"பிரியமானவர்களே, அன்று சாலையோரத்தில் யாரோ பொறுப்பில்லாமல் நிறுத்திவைத்திருந்த ஒரு வாகனத்தில் என் கார் மோதியது. ஆனால் கண்ணாடியில் இருந்த பரிசுத்த அடையாளம் எனக்கு ஒரு கீறலும் வராமல் காத்தது."

எண்ணெய் உறைந்ததும் வைப்பர் பூசியதும் அதில் இல்லை. எழுதினால் பாஸ்டர் மனம் நோகும் என்று ராஜ்குமார் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். 'யாரோ' என்று எழுதும்போது விரல் கொஞ்சம் தயங்கியது. ஆனால் தியானத்தில் பெயர் போடுவது வழக்கமில்லை.*

* பென்சில்: "ஆக்கங்கெட்ட வழக்கம்."

கேன்டீனில் ராஜ்குமார் தானாகவே போய் எதிரில் உட்கார்ந்தார்.

"என்னப்பா, கார்ல வாரதே இல்ல? பத்திரிகையில எழுதினதுக்குக் கோவமா?"

மதுரைவீரன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "எழுதறது உங்க வேல சார். வண்டி எங்க நின்னுச்சு, யாரு நிக்க வெக்கச் சொன்னாங்கன்னு உங்களுக்கே தெரியும். அது போவட்டும். ஆனா ஒன்னு வுட்டுட்டீங்களே."

"என்னத்த விட்டேன்?"

அவர் எழுந்துபோனார். கையைக் கழுவிக்கொண்டு வந்தார். சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்து, அதிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். மடிப்புகளில் பழுத்துப்போயிருந்த தாள்.

"இத நீங்களே வச்சிக்கோங்க சார். எனுக்கு வேணாம்."

அது 'சாலையோர தியானம்', பதினேழு.

6

இங்கே ராஜ்குமார் அந்தத் தாளைப் பிரித்து, வாசித்து, கண்கலங்கி

(இல்லை. ராஜ்குமார் பிரிக்கவே இல்லை. என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான்தானே எழுதினேன்.)

வாசகர் இதை மூன்றாம் பக்கத்திலேயே கண்டுபிடித்திருப்பார். ராஜ்குமார் நான்தான். மச்சான் பெயரைக் கடன் வாங்கியது, அவன்மேல் போட்டால் எழுத வரும் என்பதற்காக. கேன்டீனில் அந்தத் தாள் வந்தது வரை 'அவர்' என்று எழுத வந்தது. இதற்கு மேல் வரவில்லை.

பதினேழாவது தியானம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். ஒருநாள் காலை நல்ல மூடுபனி, வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. மதுரைவீரன் தன் பத்து வயதில் நடந்ததைச் சொன்னார். பக்கத்து ஊர்த் தேர்த் திருவிழா. வடம் அவர் காலடியில் வந்து விழுந்ததாம். எல்லோரும் இழுக்கிறார்களே என்று பையன் குனிந்து பிடித்திருக்கிறான். ஒரு பெரியமனிதர், "ஏய், நீ தொடாத" என்றாராம். அடிக்கவில்லை, திட்டவில்லை. அந்த மூன்று வார்த்தைதான். "அடிச்சிருந்தா மறந்துருப்பன் சார்" என்றார். நான் அன்று இரவே உட்கார்ந்து எழுதினேன், யாரும் தொடாத குஷ்டரோகியைக் கைநீட்டித் தொட்ட ஆண்டவரைப் பற்றி. நன்றாகவே வந்திருந்தது. கடைசி வரியை முதலில் படித்துவிட்டு, மேலிருந்து இரண்டு முறை படித்தார் அவர். அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். எனக்கு அன்றைக்கெல்லாம் தலைகால் புரியவில்லை.

இனி அந்த வாக்கியம். புளியமரத்தடியில், தன் வண்டி ரோட்டில் கிடக்க, என் கண்ணாடியைத் துடைக்க வந்த மனிதரிடம் நான் சொன்னது:

"ஏய், நீ தொடாத. ஜெபம் பண்ணுன எண்ண."

நான் நினைத்தது எண்ணெயைத்தான். பாஸ்டர் துடைக்க வந்திருந்தாலும் தடுத்திருப்பேன் என்று ஆறு வாரமாக என்னிடமே வாதாடிவருகிறேன். ஆனால் பாஸ்டரிடம் 'ஏய்' என்று சொல்லியிருக்க மாட்டேன். 'நீ' என்றும் சொல்லியிருக்க மாட்டேன். துண்டு பாதி வழியில் நின்றதையும் அவர் முகம் பத்து வயதுக்குப் போய்த் திரும்பியதையும் பார்த்தேன். தலையை உள்ளே இழுத்துக்கொண்ட பிறகு, பால் கொட்டின கண்ணாடி வழியாகக்கூட அது தெரிந்தது. பார்த்துவிட்டுத்தான் கியரைப் போட்டேன்.

வெட்கமாக இருக்கிறது. வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.*

* இந்தப் பக்கத்தில் பென்சில் எதுவும் எழுதவில்லை.

7

முடிவு வேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று. ராஜ்குமார் (முடிவுகளுக்கு மட்டும் அவனைத் திரும்பக் கூப்பிடுகிறேன், அவனுக்கு இதெல்லாம் நன்றாக வரும்) ஞாயிறு ஆராதனையில் எழுந்து சாட்சி சொல்கிறார். சபை அழுகிறது. கடைசி வரிசையில் மதுரைவீரன் எழுந்து நிற்கிறார்.

பென்சில்: "அவரு எதுக்கு சர்ச்சுக்கு வாராரு? உங்க கதைக்கு ஆள் சேக்கவா?"

முடிவு இரண்டு. ராஜ்குமார் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் நடுவில் நின்று, எல்லோரும் கேட்க மன்னிப்புக் கேட்கிறார்.

பென்சில்: "நூறு பேரு முன்னால அவருக்கு நடந்தத நீங்க எடுத்துச் சொல்லி, நீங்க நல்லவராகணும். அப்படித்தானே?"

முடிவு மூன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. இரண்டு முறை திருத்தினேன். ராஜ்குமார் புளியமரத்தடியில் காரை நிறுத்துகிறார். இன்னும் துடைக்கப்படாத கண்ணாடியைக் காட்டி, ஒரு வெள்ளைத் துணியை மதுரைவீரன் கையில் கொடுக்கிறார். "நீங்களே துடைங்க" என்கிறார். மதுரைவீரன் துடைக்கத் துடைக்க வெளிச்சம் உள்ளே வருகிறது.

பென்சில் இந்த இடத்தில் தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி எழுதியிருந்தது: "நீங்க பண்ணுன அழுக்கத் தொடைக்கவும் அவருதான் வரணுமா? பக்கெட்டு பாத்ரூம்ல இருக்கு."

8

பக்கெட் பாத்ரூமில்தான் இருந்தது.

முதலில் பாஸ்டருக்கு போன் போட்டேன். பிரதிஷ்டை பண்ணின எண்ணெயைத் துடைக்கலாமா என்று ஆறு வாரம் கழித்துக் கேட்டேன்.

"இன்னுமா தொடைக்கல? பிரதர், ஜெபம் பண்ணது காருக்கு. கண்ணாடி ரோட்டப் பாக்கறதுக்கு. அன்னிக்கே துணி நீட்டுனனே, நீங்கதான் கும்புட்டுட்டுப் போய்ட்டீங்க."

ஆறு வாரமாகக் கழுத்தை இடது பக்கம் சாய்த்துச் சாய்த்து, துலக்கமாக இருந்த ஒரு சாண் கண்ணாடி வழியாக ஓட்டிவந்தேன். பிடரியில் பிடிப்பு வந்து தைலம் தேய்த்தது கணக்கில்லை. காலியாக இருந்த சீட்டின் பக்கமாகவே சாய்ந்து ஓட்டியிருக்கிறேன் என்பது துடைக்கும்போதுதான் உறைத்தது. இதை வைத்து ஒரு பக்கம் எழுதலாமே என்று உடனே தோன்றியது. கையிலிருந்த துணியால் அந்த யோசனையையும் சேர்த்துத் துடைத்தேன்.

வெந்நீர், பாத்திரம் விளக்குகிற சோப்பு, பழைய பனியன். எண்ணெயோடு ஆறு வாரத் தூசியும் சேர்ந்து மூன்று பக்கெட் தண்ணீர் கேட்டது. சத்யப்ரியா வாசலில் நின்று பார்த்தாள். ஒரு மூலையைக் காட்டி, "அங்கன இன்னும் இருக்கு" என்றாள்.

காணிக்கை கொண்டுவந்தவன் தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போகவேண்டும் என்று வேதத்தில் ஒரு இடம் உண்டு. அதை நான் இரண்டு தியானங்களில் எடுத்தாண்டிருக்கிறேன், ஒன்றில் பார்க்கிங்கைப் பற்றி. பிப்ரவரி இதழுக்கு நான் எழுதிக் கொடுக்கவில்லை. ஜனவரியில் எழுதியது தவறு, வண்டி நான் சொன்ன இடத்தில்தான் நின்றது, மோதியது நான் என்று நான்கு வரி மட்டும் கொடுத்திருக்கிறேன். பாஸ்டர் அப்படியே போடுவதாகச் சொன்னார். அதில் உங்கள் பெயர் இல்லை.

ஆமாம், உங்கள் பெயர். மதுரைவீரன், நான் உங்களிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். மற்ற வாசகர்கள் மன்னிக்கவேண்டும், முதல் வாசகர் எப்போதும் அவர்தான்.

இந்தத் தாள்களை இன்று சனிக்கிழமை மதியம் ஷிப்டு முடிந்ததும் உங்கள் லாக்கர் இடுக்கில் செருகிவிட்டுப் போகிறேன். பதினேழாவது தியானத்தைத் திருப்பித் தரவில்லை. அதை வைத்துக்கொள்ளச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. திங்கட்கிழமை ஏழேகாலுக்குப் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்துவேன். நீங்கள் வராவிட்டால் செவ்வாய்க்கிழமையும் நிறுத்துவேன், புதன்கிழமையும் (இதைப் பென்சில் அடித்துவிட்டது. "அது மன்னிப்பு இல்ல, மெரட்டுறது" என்கிறாள். சரி. திங்கட்கிழமை மட்டும்.) அந்தப் பாதையில் உங்கள் மொபெட் வரும். அது மரத்தடிக்குத் திரும்பினாலும் சரி, நிற்காமல் கம்பெனிக்குப் போனாலும் சரி, கதை அங்கேதான் முடியும். அதை எழுதுகிறவர் நீங்கள். நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வைப்பரைப் பற்றி எப்போது எழுதுவீர்கள் என்று கேட்டீர்கள். இதுதான் அது.

நீங்கள் கடைசி வரியைத்தான் முதலில் படிப்பீர்கள் என்று தெரியும். இந்த முறை அந்த இடத்தில் சாமியைக் கொண்டுவந்து நிறுத்தவில்லை, அவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எனக்குப் பழகிப்போய்விட்டது. அங்கே நானே நிற்கிறேன்.

தேர் வடத்தடியில் ஒருவர் சொன்னதைப் புளியமரத்தடியில் நானும் உங்களிடம் சொன்னேன். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணே.